கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்: டாக்டரைப் பார்க்கும் வரை அதை எப்படிப் படிப்பது?

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஸ்கேன் சென்டரில் என் கழுத்து எம்ஆர்ஐ ரிப்போர்ட் இருந்த பெரிய கவரைக் கொடுத்தார்கள். நியூரோ சர்ஜனிடம் அப்பாயின்ட்மென்ட் பதினாறு நாள் கழித்துத்தான். கவரைப் பிரிக்காமல் பதினாறு நாள் வீட்டில் வைத்திருக்கும் மனிதர் யாரையும் நான் பார்த்ததில்லை. நான் வண்டி ஸ்டாண்டிலேயே பிரித்துவிட்டேன். இரண்டு பக்க ஆங்கிலம். நான்கு இடத்தில் ‘பல்ஜ்’, மூன்று இடத்தில் ‘டீஜெனரேட்டிவ்’, ஓர் இடத்தில் ‘இன்டென்டிங் த தீக்கல் சாக்’, கடைசி வரியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’. அப்போது எனக்கு 47 வயது. இடது கட்டைவிரலில் மதமதப்பு, தோள்பட்டைக்குப் பின்னால் ஓயாத குடைச்சல், அவ்வளவுதான் தொந்தரவு. வீடு போய்ச் சேருவதற்குள் மனதளவில் படுத்த படுக்கையாகிவிட்டேன்.

அந்தப் பதினாறு நாளில் தெரிந்துகொண்டதும், அப்புறம் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும் இங்கே இருக்கிறது. வைத்தியம் சொல்வதற்காக எழுதவில்லை. ரிப்போர்ட்டில் எந்த வரிக்குப் பயப்பட வேண்டும், எந்த வரியைத் தாண்டிப் போகலாம் என்று பிரித்துப் பார்க்கத்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ரிப்போர்ட் நமக்காக எழுதப்பட்டதல்ல. எழுதிய ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் நம் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் இருப்பது படங்களும், ‘கழுத்து வலி, இடது கை மதமதப்பு’ என்கிற மாதிரி ஒரு வரிக் குறிப்பும்தான். படத்தில் தெரிவதையெல்லாம் பதிவு செய்வது அவர் கடமை. பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்கும் இன்ஜினீயர் கண்ணில் பட்ட விரிசலையெல்லாம் குறித்துக் கொடுப்பார். அதில் எந்த விரிசல் வழியாக மழை ஒழுகுகிறது என்பது அந்த வீட்டில் குடியிருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்ற அந்தக் கடைசி வரிக்கு இதுதான் பொருள்: படத்தில் இது இருக்கிறது, நோயாளியிடம் இருக்கும் தொந்தரவோடு பொருந்துகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிசல் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, புடைத்திருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு அப்படி. இவர்கள் யாரும் வலி என்று வந்தவர்கள் இல்லை, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே ‘டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்’ என்ற சொற்களை நடு வயதில் ஒருவர் தன் ரிப்போர்ட்டில் பார்ப்பதும், தலையில் நரையைப் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே ஆய்வில் 5.3 சதவீதம் பேருக்குத் தண்டுவடமே அமுங்கியிருந்தது. அவர்களும் தொந்தரவு இல்லாதவர்கள்தான், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்த இரண்டாவது எண்ணிக்கையை முதலாவது மாதிரி அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு சங்கதி. அமெரிக்காவில் முதுகு வலியும் கால் வலியும் இருந்த 63 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு இடங்களில் இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ எடுத்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்த குறை ஒன்றுகூட இல்லை. அது இடுப்பு, நம்முடையது கழுத்து. என்றாலும் ‘மைல்டு’ ‘மாடரேட்’ என்ற அடைமொழிகளைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இது போதும். ஒருவர் கண்ணுக்கு மைல்டாகப் படுவது இன்னொருவர் கண்ணுக்கு மாடரேட்.

சரி, ரிப்போர்ட்டுக்குள் போவோம்.

கழுத்தில் ஏழு எலும்புகள், மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை. முதல் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கிடையாது. அந்த மூட்டுதான் தலையை இடவலமாகத் திருப்ப உதவுகிறது. சி2-சி3-யில் தொடங்கித்தான் நம் ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்லும் டிஸ்க்குகள் வருகின்றன. அதிகம் தேய்வது சி5-சி6, சி6-சி7 ஆகிய இரண்டும். ரிப்போர்ட் இந்த வரிசையில்தான் மாடி மாடியாக இறங்கி வரும். கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று நாலைந்து வரி இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு மேலே போவது நல்லது. பல இடங்களில் கழுத்து ஸ்கேனோடு சேர்த்து முழு முதுகெலும்பையும் மேலோட்டமாக எடுத்துவிடுகிறார்கள். கழுத்துக்காகப் போனவருக்கு இடுப்பில் எல்4-எல்5 பல்ஜும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

சில சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘டெசிக்கேஷன்’ என்றால் டிஸ்க்கில் நீர்ச்சத்து குறைந்து வற்றியிருக்கிறது. எம்ஆர்ஐயின் டி2 வகைப் படங்களில் நீர் வெள்ளையாகத் தெரியும், வற்றிய டிஸ்க் கறுத்துத் தெரியும். ‘லாஸ் ஆஃப் லார்டோசிஸ்’ அல்லது ‘ஸ்ட்ரெய்டனிங்’ என்றால் கழுத்தின் இயல்பான முன்வளைவு குறைந்து நேராக இருக்கிறது. தசை இறுகியிருந்தால் அப்படி ஆகும், மெஷினுக்குள் தலையை வைத்துப் படுத்திருந்த விதத்தாலும் ஆகும். ‘ஆஸ்டியோஃபைட்’ எலும்பின் ஓரத்தில் வளர்ந்த முள். ‘ஹீமாஞ்சியோமா’ என்று முள்ளெலும்புக்குள் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தால் கட்டி என்று பதற வேண்டாம். ரத்தக் குழாய்கள் சேர்ந்த திட்டு அது, பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாது. ‘டீஜெனரேட்டிவ்’ என்றால் தேய்மானம். ‘ஸ்பாண்டிலோசிஸ்’ என்பது இந்தத் தேய்மானம் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர். அதை ஒரு தனி வியாதியின் பெயராக நினைத்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

பல்ஜ், ப்ரொட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன் மூன்றும் ஒன்றல்ல. டிஸ்க்கின் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் பரவலாகப் புடைத்திருந்தால் பல்ஜ். ஓரிடத்தில் மட்டும் பிதுங்கி, அடி அகலமாகவும் முனை குறுகலாகவும் இருந்தால் ப்ரொட்ரூஷன். அடி குறுகி முனை பெருத்து, பற்பசை வெளியே வந்த மாதிரி இருந்தால் எக்ஸ்ட்ரூஷன். பெயரைக் கேட்டால் கடைசியானதுதான் மோசமாகத் தோன்றும். ஆனால் அப்படி வெளியே வந்த துண்டைத்தான் உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து மெல்ல மெல்லக் கரைத்துவிடும் வாய்ப்பு அதிகம். சாதாரண பல்ஜ் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ரிப்போர்ட்டின் முக்கால் பாகம். மீதியுள்ள கால் பாகத்தில் இரண்டே இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று தண்டுவடம், ரிப்போர்ட்டில் ‘கார்டு’. இன்னொன்று பக்கவாட்டில் நரம்பு வெளியேறும் துளை, ரிப்போர்ட்டில் ‘ஃபொராமென்’.

தண்டுவடம் என்ற நம் சொல்லே பாதி வேலையை முடித்துவிடுகிறது. தேர் வடம் மாதிரி ஒரு கயிறு, எலும்புக் குழாய்க்குள் இறங்குகிறது. அதைச் சுற்றி நீர், அந்த நீரைச் சுற்றி ஒரு உறை. அந்த உறைதான் என்னைப் படுக்கையில் தள்ளிய ‘தீக்கல் சாக்’. டி2 படத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறப் பட்டை, அதன் இரு புறமும் வெள்ளைக் கோடு. வெள்ளை நீர், சாம்பல் வடம். டிஸ்க் புடைத்து உறையைத் தொட்டால் ‘இன்டென்டிங்’. உறையைத் தொட்டதாலேயே வடத்தைத் தொட்டதாகிவிடாது, நடுவில் நீர் இருக்கிறது. இன்னும் தள்ளினால் வெள்ளைக் கோடு மறையும், அது ‘எஃபேஸ்மென்ட்’. அதற்கும் மேலே போனால் வடமே நசுங்கும், ‘கார்டு கம்ப்ரெஷன்’. கடைசிப் படி, நசுங்கிய வடத்துக்குள்ளேயே ஒரு வெண்திட்டு தெரிவது. ‘டி2 ஹைப்பர்இன்டென்சிட்டி’, ‘கார்டு சிக்னல் சேஞ்ச்’, ‘மைலோமலேசியா’ என்று எழுதுவார்கள். வடத்தில் வீக்கமோ நிரந்தரச் சேதமோ இருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. இந்தக் கடைசி இரண்டு படிகளில் ஒன்று உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்காகப் பேசாமல் காத்திருக்க வேண்டாம். டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்து அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டி, தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். ‘கார்டு கம்ப்ரெஷன்’ எங்கும் இல்லாமல், ‘நோ அப்நார்மல் கார்டு சிக்னல்’ என்றும் இருந்தால் ஒரு டீ போட்டுக் குடிக்கலாம்.

சில ரிப்போர்ட்டுகளில் குழாயின் அகலத்தை மில்லிமீட்டரில் அட்டவணையாகவே போட்டுவிடுவார்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியில் எலும்புக் குழாய் முன்பின்னாகச் சாதாரணமாக 17, 18 மி.மீ. இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல், 10-க்குக் கீழே போனால் நல்ல குறுகல் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது எலும்புக்கு எலும்பு அளந்த கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது டிஸ்க் புடைத்த இடத்தில் அளந்ததாக இருந்தால் எண் இன்னும் சிறிதாகத்தான் வரும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கத்தியை எடுப்பதில்லை.

இப்போது துளை. கழுத்தில் எலும்பு ஏழு, நரம்பு ஜோடி எட்டு. இந்தக் கணக்கு இடிப்பதால்தான் ரிப்போர்ட் பலரைக் குழப்புகிறது. கழுத்தில் ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியே வரும். சி6 நரம்பு சி6 எலும்புக்கு மேலே, அதாவது சி5-க்கும் சி6-க்கும் நடுவில். ஆகவே சி5-சி6 டிஸ்க்கில் பிரச்சினை என்றால் அடிபடுவது சி6 நரம்பு. சி6-சி7 என்றால் சி7. ஏழாவது எலும்புக்கும் அதற்குக் கீழே மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்புக்கும் நடுவில் மிச்சமாக ஒன்று வருகிறதே, அதுதான் சி8. சுருக்கமாக, கழுத்தில் இரண்டு எண்களில் பெரியதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெரிய எண்ணை வைத்துக் கையைப் பாருங்கள். சி5 என்றால் தோளின் வெளிப்புறம். கையைப் பக்கவாட்டில் தூக்குவது கஷ்டமாகும். சி6 என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். முழங்கையை மடக்குவதும் மணிக்கட்டை மேலே தூக்குவதும் பலம் குறையும். சி7 என்றால் நடுவிரல். முழங்கையை நீட்டித் தள்ளுவது, அதாவது தரையில் கையூன்றி எழுந்திருப்பது, தடுமாறும். சி8 என்றால் மோதிர விரலும் சுண்டுவிரலும், பிடி தளரும். எல்லைகள் கோடு போட்ட மாதிரி இருக்காது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதிகம் மாட்டுவது சி7, அடுத்து சி6. தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில் வரும் குடைச்சலும் பல சமயம் கழுத்து நரம்பின் வேலைதான். நான் ஆறு மாதம் அதை முதுகுத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் ரிப்போர்ட்டில் நான்கு டிஸ்க்குகளைச் சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் சி5-சி6 துளை குறுகியிருப்பதாக இருந்த ஒரே வரிதான் என் கட்டைவிரலோடு பொருந்தியது. மற்ற மூன்றும் வெறும் நரை. இப்படிப் பொருத்திப் பார்க்கும்போது பக்கத்தையும் கவனிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் வலது துளை, வலி இடது கையில் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. கட்டைவிரல் பக்க மதமதப்பு இரவில் தூக்கத்தைக் கெடுத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அமுங்கும் கார்ப்பல் டனலாக இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில் அமுங்கியிருக்கலாம். இரண்டு காலிலும் எரிச்சல் என்றால் சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியத்தான் டாக்டர் சில சமயம், நரம்பு வழியாகச் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். இடது கை வலியோடு நெஞ்சில் இறுக்கமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் கழுத்து ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே இசிஜி எடுக்கப் போங்கள்.

வடம் அமுங்காமல், அதிலிருந்து கிளம்பித் துளை வழியாக வெளியேறும் நரம்பின் வேர் மட்டும் அமுங்கியிருந்தால் பொதுவாக நல்ல செய்திதான் அதிகம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் ஊரில் 1976 முதல் 1990 வரை இந்தத் தொந்தரவு வந்த 561 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவே இல்லை, அல்லது லேசாகத்தான் இருந்தது. ஆனால் இது சில வாரம், சில மாதம் என்று நகரும் விவகாரம். நாலு நாளில் குறையவில்லையே என்று வேறு வேறு ஆளிடம் ஓடினால் பணம்தான் கரையும்.

தண்டுவடம் அமுங்குவதன் குணம் வேறு. அதற்கு வலி வராமலே போகலாம். மெதுவாக, அக்கம்பக்கத்தார் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லும்படியாகவே வரும். தொடங்கியதிலிருந்து சரியாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அடையாளங்கள் வீட்டுக்குள்தான் கிடைக்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. பூ தொடுக்க வரவில்லை. சில்லறை எண்ணும்போது நழுவுகிறது. பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார். கண்ணை மூடி முகம் கழுவும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்த மாதிரி ஓடுகிறது. டாக்டர்கள் செய்து பார்க்கும் ஒரு சின்னச் சோதனை உண்டு: பத்து விநாடியில் விரல்களை முழுதாக மூடி முழுதாகத் திறக்க வேண்டும். சாதாரணமாக இருபது தடவை வரும். குறைந்தால் உடனே வடம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், மூட்டுவாதம் இருந்தாலும் குறையும். டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல், அவ்வளவுதான். வைட்டமின் பி12 குறைந்தாலும் ஏறக்குறைய இதே தடுமாற்றம் வரும், தண்டுவடத்தில் வெண்திட்டும் தெரியும். அசைவம் தொடாதவர்கள் பி12 பரிசோதனை பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

கைகால் பலம் சில நாட்களுக்குள் வேகமாகக் குறைகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை, வலியோடு காய்ச்சலும் இருக்கிறது, புற்றுநோய் முன்பு வந்திருக்கிறது, விழுந்தோ அடிபட்டோ இது தொடங்கியது என்றால் அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்க வேண்டாம். அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய விஷயம்.

காத்திருக்கும் நாட்களில் செய்யக் கூடாததில் முதலிடம் சலூனுக்கு. முடிவெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்துக் கழுத்தை இரண்டு பக்கமும் திருகி நெட்டி எடுப்பார்களே, அது வேண்டவே வேண்டாம். குழாய் குறுகியிருக்கும்போது அந்தத் திருகல் வடத்தைப் பாதிக்கலாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. ‘ஜவ்வைத் தட்டி உள்ளே தள்ளுகிறேன்’ என்று வருகிற கைவைத்தியமும் இதே கணக்கில்தான். தலையில் சுமை தூக்குவது, வழுக்கும் பாத்ரூம், பின்சீட்டில் உட்கார்ந்து மேடு பள்ளத்தில் போவது ஆகியவற்றையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். குறுகிய குழாய் உள்ளவர் ஒரு சாதாரண விழுகையில்கூடக் கைகள் செயலிழந்து போகலாம். கழுத்துப் பட்டையை யாரும் சொல்லாமல் நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தால் தசைதான் சோம்பேறியாகும். வலிக்கிற பக்கத்துக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் நரம்பு வலி குறைகிறதா என்று பாருங்கள். சினிமாவில் கவலைப்படுகிறவர் மாதிரி இருக்கும், ஆனால் பலருக்குக் குறையும். குறைந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது ஒரு துப்பு.

என் டாக்டர் கவரை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். சுத்தியலால் முழங்கை, முழங்கால் தட்டினார், நடுவிரல் நுனியைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். நேராகச் சி5-சி6-க்குப் போனார். இரண்டு பக்க ரிப்போர்ட்டைப் படிக்கவே இல்லை.

அதனால் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஃபிலிமும் சிடியும் வேண்டும். எந்த விரலில், எந்தத் தேதியிலிருந்து, எது செய்தால் கூடுகிறது என்று அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் அங்கே தடுமாற வேண்டியிருக்காது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். கேட்க மூன்று கேள்விகள் போதும்: என் தொந்தரவு படத்தில் உள்ள எந்த இடத்தோடு பொருந்துகிறது? வடம் அமுங்கியிருக்கிறதா? ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றால் என்ன மாறினால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?

சிடியைக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். எனக்குக் கொடுத்த சிடி காலி. பதினாறு நாள் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தேன்.